கொலோனோஸ்கோபிக்கு முந்தைய மூன்று நாள் சாப்பாடு

கொலோனோஸ்கோபி என்பது கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை. முதல் முறை என் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் என் மகளிடம் காட்டிய படத்தை நானும் பார்த்தேன். இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டிய குடல் சுவரில் கரும்பச்சைத் துணுக்குகள் அப்பிக் கிடந்தன. அவற்றின் நடுவே தக்காளி விதைகள் உருக்குலையாமல் அப்படியே இருந்தன. அந்தத் துணுக்குகள் முருங்கைக்கீரை. இரத்தச் சோகைக்குக் காரணம் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பரிசோதனை. அதே சோகை தீரட்டும் என்றுதான் நான் நாள் தவறாமல் அந்தக் கீரையைச் சாப்பிட்டு வந்தேன்.

பேதி மருந்தை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தேன். தவறு சாப்பாட்டில் நடந்தது. தேதி வாங்கிய அன்று கவுண்டரில் இருந்தவர், "மூணு நாளைக்கு லைட்டா சாப்பிடுங்க" என்று சொல்லி, ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் ஒன்றை மடித்துக் கொடுத்தார். எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று கேட்டேன். "அதுலயே எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வீட்டில் லைட்டான சாப்பாடு என்றால் எண்ணெயும் காரமும் குறைந்த கீரைக்கூட்டு, கேழ்வரகுக் கஞ்சி, அவித்த காய், கொய்யாப்பழம். வயிற்றுக்கு நல்லது என்று நாம் நம்பிச் சாப்பிடும் இவை அத்தனையும், செரிக்காத சக்கையைக் குடலில் விட்டுச் செல்பவை என்பதால், இந்த மூன்று நாளும் அறவே ஆகாதவை. நாளொன்றுக்கு நார்ச்சத்து சுமார் 10 கிராமைத் தாண்டக் கூடாது என்றார்கள். நூறு கிராம் கொய்யாவிலேயே 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. விடியுமுன் மன்னார்குடியில் பஸ் ஏறித் தஞ்சாவூர் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனதும், மயக்க மருந்துக்குக் கட்டிய பணமும் வீணாயின. அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது.

இரண்டாம் முறை கவுண்டரை நம்பவில்லை. பரிசோதனை அறையின் செவிலியரைக் காத்திருந்து பார்த்தேன். பத்தே நிமிடத்தில் அனைத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். குழைய வடித்த வெள்ளைச் சோறு, தயிர், அவித்த முட்டை, தோல் நீக்கி மசித்த உருளைக்கிழங்கு, தேங்காய்ச் சட்னி இல்லாத இட்லி ஆகியவை போதும் என்றார். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள், அவற்றை என்ன செய்வது என்று மருத்துவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

யாரும் எச்சரிக்காத இடம் தாளிப்புதான். கடுகு, சீரகம், கறிவேப்பிலை, மிளகாய் விதை எதையும் நாம் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதில்லை. ரசத்தைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டியபோது, மிளகுத் தோலும் கொத்தமல்லித் தழையும் தக்காளி விதைகளுமாக ஒரு கைப்பிடிச் சக்கை துணியில் தேங்கியது. தெளிவாகத் தெரிந்த ரசத்தில் அவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இந்த விதைகள் குழாயின் உறிஞ்சும் துவாரத்தையே அடைத்துவிடும் என்று செவிலியர் சொன்னது துணியைப் பார்த்த பிறகே எனக்கு முழுமையாக விளங்கியது.

கடைசி நாள் வடிகட்டிய இளநீர், எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ மட்டும் குடித்தேன். சிவப்பு நிறப் பானங்களைத் தொடக் கூடாது. உள்ளே இரத்தம் போலத் தெரியும். 137 கிராம் பேதி மருந்துத்தூளை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குளிரவைத்தால் குமட்டல் குறைகிறது. பாதியை மாலையிலும் மீதியை அதிகாலையிலும் குடிக்க வேண்டியிருந்ததால், இந்த முறை மருத்துவமனைக்கு அருகிலேயே லாட்ஜில் தங்கினோம். வெளியூர்க்காரர்கள் இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

குடல் சுத்தமாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். குடல் சுவரில் வளர்ந்திருந்த சிறிய சதை முளை (பாலிப்) ஒன்றை அப்போதே எடுத்துவிட்டார்கள். கிளம்பும் முன் என் மகள், சாப்பிடக் கூடாதவற்றைக் கொட்டை எழுத்துத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் செவிலியரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்துவிட்டு, "சுண்டலையும் சேர்த்து எழுதும்மா" என்று பேனாவை நீட்டினார்.