வயிற்றுத் தோலில் பொத்தான்

கென்யாவின் துர்கானா ஏரி முதலைகளைப் பற்றி நேற்று ராத்திரி படித்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது.

போன நூற்றாண்டின் நடுவில் ஆப்பிரிக்க ஏரிகளில் தோலுக்காகவே நைல் முதலைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ராத்திரி வேட்டை. டார்ச் வெளிச்சம் பட்டதும் தண்ணீர் மட்டத்தில் இரண்டு கண்கள் தணல் மாதிரி சிவப்பாக மின்னும். அதைப் பார்த்துத்தான் குறி வைப்பார்கள். கைப்பைக்கு வேண்டியது மெத்தென்ற வயிற்றுத் தோல். துர்கானா முதலைக்கோ அந்தச் செதில்களுக்குள் பொத்தான் பொத்தானாக எலும்புத் துணுக்கு! வியாபாரிக்கு உதவாத தோல். அதனாலேயே அந்தக் கூட்டம் பெரிய வேட்டைக்குத் தப்பியது.

அப்படியும் 1965-66ல் ஆராய்ச்சிக்கென்று சுமார் 500 முதலைகளைக் கொன்றார்கள். என்னால் அதை ஏற்கவே முடியவில்லை.

ஏரி நடுவே சென்ட்ரல் தீவு. இன்றும் அங்கே தாய்முதலை முட்டையிட்டு, பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது.