அச்சேறிய பாதி: பிராங்க்ஃபர்ட் நாட்குறிப்பு

அக்டோபர் 14, 2024, திங்கள்

நகர ஆவணக் காப்பகம் பழைய கார்மேல் மடம் ஒன்றில் இருக்கிறது. பேனாவைப் பையோடு வைத்துவிட்டுப் பென்சிலுடன் உள்ளே போனேன். இன்று பல்கலைக்கழகம் பிறந்த கதை. ஜெர்மனியின் பழைய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஆட்சியாளர்கள் நிறுவியவை. இது ஊர்க்காரர்களின் கொடையில் 1914இல் தொடங்கியது. கொடுத்தவர்களில் யூதக் குடும்பத்தினர் ஏராளம்: உலோக வணிகர் வில்ஹெல்ம் மெர்ட்டன், வங்கியாளர் ஸ்பேயரின் மனைவி பிரான்சிஸ்கா, சாயத் தொழிலதிபர் ஆர்தர் ஃபொன் வைன்பெர்க். மதத்தைக் காரணம் காட்டி எவருக்கும் பேராசிரியர் பதவியை மறுக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். மற்ற ஊர்களில் ஞானஸ்நானம் பெறாத யூதருக்கு அந்தப் பதவி பெரும்பாலும் எட்டாக்கனியாக இருந்த காலம் அது.

அந்த விதிக்கு ஆயுள் பத்தொன்பது ஆண்டுகள்தான். 1933இல் நாஜிகளின் சட்டம் வந்ததும் ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை இழந்தது பல்கலைக்கழகம். மதிய உணவு இறங்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆரோன் ஃப்ரைமானின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பத்து ஆண்டுகளாகப் பட்டியல் வேலை செய்கிறவள் நான். இதற்காகவே இந்த ஊருக்கு வந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

ஃப்ரைமான் 1898 முதல் அன்றைய நகர நூலகத்தின் யூத, எபிரேய நூல்களைப் பொறுப்பேற்றுக் கவனித்தவர். ஊர்ச் செல்வந்தர்கள் கொடுத்ததும் வாங்கிச் சேர்த்ததுமாக அது உலகின் முக்கியமான தொகுப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. யூதர்களைப் பற்றிய நூல்களுக்கான முதல் தொகுதி 1932இல் அச்சானது. அடுத்த ஆண்டே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எபிரேய நூல்களுக்கான இரண்டாம் தொகுதி வரவே இல்லை. போரில் அந்த எபிரேய அச்சு நூல்களில் பெரும்பகுதி எரிந்தது. பட்டியல் அச்சேறிய முதல் பாதியின் நூல்களோ பெரும்பாலும் தப்பின. தற்செயல்தான், தெரியும். ஆனாலும் நெஞ்சு அதை ஏற்க மறுக்கிறது.

பக்கத்தைப் புரட்டினால் அலங்காரமே இல்லை. ஆசிரியர், தலைப்பு, ஊர், ஆண்டு; சுருக்கக் குறிகள்; நெருக்கமான எழுத்து. ஒரு வரியை எழுத எத்தனை முறை புத்தகத்தின் முகப்பைத் திருப்பிப் பார்த்திருப்பார் என்பது என் விரல்களுக்குத் தெரியும். இன்று இந்தப் பட்டியலைப் பின்பற்றித்தான் நூல்களை வருடியெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் 1939இல் அமெரிக்கா போனார். 1948இல் நியூயார்க்கில் இறந்தார்.

அக்டோபர் 17, வியாழன்

மழை. பழைய யூதக் கல்லறையின் சுற்றுச்சுவருக்குப் போனேன். கொல்லப்பட்ட பிராங்க்ஃபர்ட் யூதர்கள் 11,000 பேருக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டி அளவில் ஓர் உலோகக் கட்டை, சுவரிலிருந்து துருத்திக்கொண்டு. பெயர், பிறந்த நாள், தெரிந்த இடங்களில் இறந்த நாளும் இடமும். துருத்தி நிற்பதால், யூதர் வழக்கப்படி நினைவாக மேலே கூழாங்கல் வைக்க இடமிருக்கிறது. ஆன் ஃபிராங்கின் கட்டைமேல் கற்கள் குவிந்திருந்தன. பக்கத்தில் பலவற்றில் ஒன்றுகூட இல்லை. குனிந்து கற்களைத் தேடினேன்.

அக்டோபர் 19, சனி

1941இல் இதே தேதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வெஸ்ட்எண்ட் பகுதி வீடுகளிலிருந்து யூதர்களை இழுத்துவந்து நகரின் நடுவே நடத்திக்கொண்டு போனார்கள். பெரிய காய்கறிச் சந்தையின் நிலவறையில் அடைத்து, போலந்தின் வூட்ஜ் நகருக்கு ரயில் ஏற்றினார்கள். 1945 வரை அந்தச் சந்தை வழியாக அனுப்பப்பட்டவர்கள் சுமார் 10,000 பேர்.

இன்று அந்த வெஸ்ட்எண்டில்தான் பல்கலைக்கழக வளாகம். அதன் பெரிய கட்டடம் ஐ.ஜி. ஃபார்பன் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் தலைமையகமாக இருந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் அருகே கைதிகளை வதைத்து ஆலை கட்டிய அதே நிறுவனம். வைன்பெர்க்கின் கசெல்லா ஆலை 1925இல் அதில்தான் இணைந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த அந்த மனிதர் 1943இல் நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார்.

வளாகத்திலிருந்து சந்தை வரை நடந்தே போனேன். சந்தைக் கூடம் இப்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் பகுதி. வெளியே பழைய தண்டவாளத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். கடத்தப்பட்டவர்களும் பார்த்தவர்களும் சொன்ன வாக்கியங்களைப் பொறித்திருக்கிறார்கள். ஜெர்மன் மெதுவாகத்தான் வாசிக்க வரும். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன். இருட்டுவதற்குள் முடியவில்லை.

திங்கட்கிழமை மறுபடி நூலகம். ஃப்ரைமானின் பட்டியலில் இன்னும் முந்நூறு பக்கங்களாவது பார்க்க வேண்டும்.