ஹோஸ்தா யூ மரத்தோப்பு: நாட்குறிப்பு

11 அக்டோபர் 2019

ரஷ்யாவின் சோச்சியிலிருந்து கருங்கடலை ஒட்டிச் செல்லும் ரயிலில் மாலையில் ஹோஸ்தா வந்து சேர்ந்தேன். நாளை பார்க்கவிருக்கும் தோப்பு, அஹூன் மலையின் கிழக்குச் சரிவில் ஏறத்தாழ 300 ஹெக்டேர் பரப்பில் உள்ளது. காகசஸ் இயற்கைக் காப்பகத்தைச் சேர்ந்த இத்தோப்பை ரஷ்ய மொழியில் 'யூ–பாக்ஸ் தோப்பு' என்றே அழைக்கிறார்கள். யூ என்பது என்றும் பசுமையான ஊசியிலை மரம்; பாக்ஸ் என்பது சிறிய இலைகள் கொண்ட, என்றும் பசுமையான குறுமரம்.

12 அக்டோபர்

அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலிக்கிறது. யூ மரம் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் வரை வளர்வது. இங்கிலாந்தின் தேவாலய வளாகங்களில் அது பருத்தும் குட்டையாகவும் நிற்கும். இங்கோ 30 மீட்டரை நெருங்குபவை உண்டு. வடக்கின் குளிரைக் காகசஸ் மலைத்தொடர் தடுக்க, கடல் ஈரத்தைக் கொண்டுவர, பனியூழிக் காலத்திலும் இம்மரங்களுக்குப் புகலிடமாக இருந்த நிலம் இது. பிற மரங்களின் நிழலிலும் வாடாமல், மிக மெதுவாக, நூற்றாண்டுக் கணக்கில் மேலேறிச் செல்லும் பொறுமை யூ மரத்துக்கு இருப்பதால்தான் இந்த உயரம் கைகூடியிருக்கிறது என்று எண்ணுகிறேன். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவையும் இங்கு உள்ளன. ஆனால் முதுமையில் நடுத்தண்டு உளுத்துக் கூடாகிவிடுவதால், வளையங்களை எண்ணி வயதை முழுமையாகக் கணக்கிட முடியாது. அப்படியிருந்தும், வெட்டிய கட்டை எளிதில் மக்காது என்பதால் 'அழுகாத மரம்' என்பது இதற்கு ரஷ்யர் இட்ட பெயர்.

பெண் மரங்களில் செந்நிறச் சதை சூழ்ந்த விதைகள் கனிந்திருந்தன. அந்தச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை அனைத்தும் நஞ்சு. அந்த இலைகளிலிருந்து பிரித்தெடுக்கும் பொருளைக் கொண்டே டோசிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்தை உருவாக்கினார்கள். இதை நினைத்தபடியே ஒரு கிளையருகே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

13 அக்டோபர்

மழை. வெளியே செல்லவில்லை.

14 அக்டோபர்

இன்று மேலே பார்க்காமல் கீழே பார்த்து நடந்தேன். தோப்பின் பெயரிலுள்ள இரண்டாவது மரமான பாக்ஸ், யூ மரங்களின் அடியில் பாசி தொங்கும் கிளைகளுடன் அடர்ந்திருந்தது. 2014 குளிர்கால ஒலிம்பிக்கிற்காக நகரை அழகுபடுத்த 2012-இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த பாக்ஸ் கன்றுகளோடு, கிழக்காசியாவைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சியும் வந்துவிட்டது. அதன் புழுக்கள் இலைகளைத் தின்று தீர்த்தபின் பட்டையையும் அரித்தன. நூற்றாண்டுகளாக வளர்ந்த அடித்தோப்பு சில ஆண்டுகளுக்குள் பட்டுப்போயிற்று. கன்றுகளைச் சோதித்து இறக்கியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அழிவு இது என்பதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

பட்டுப்போன தண்டுகளில் பாசி இன்னும் பசுமையாகவே இருக்கிறது. யூ இலைகளைப் புழுக்கள் தொடவில்லை.

15 அக்டோபர்

புறப்படுவதற்கு முன் சிறிய சுற்றுப்பாதையில் மீண்டும் ஒருமுறை சென்றேன். முதல் நாள் நிமிர்ந்து பார்த்த அதே யூ மரத்தின் அடியில், முன்பு பாக்ஸ் மறைத்திருந்த தரையில், வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.