சுவரில் காலியாக விட்ட ஒரு சட்டகம்

எங்கள் ஒளிப்படக் கழகத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் தம்முடைய பிரிண்ட்டைச் சாய்வுப் பலகையில் வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பிய பிறகு, இரண்டு நிமிடங்களுக்கு அறையில் யாரும் பேசக் கூடாது. அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கண்ணில் பட்டதைச் சொல்வார்கள்; படத்தை எடுத்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த மௌனத்துக்காகவே நான் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

சென்ற மாதம் நான் வைத்த படம், மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் நிழல். நிழல் படிகளின் மேல் மடிந்து மடிந்து விழுந்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கணினித் திரையில் அதை எத்தனையோ முறை பார்த்திருந்தேன். குறை எதுவும் தென்பட்டதில்லை. மௌனம் முடிந்ததும் மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார் எழுந்து பலகைக்கு அருகில் வந்து, "இந்த மூலையைக் கையால் மறைத்துப் பாரம்மா" என்றார். படத்தின் இடது மேல் மூலையில், ஜன்னல் வழியே வந்த வெயில் நகத்தளவுக்கு வெளுத்துக் கிடந்தது. நான் உள்ளங்கையால் அதை மறைத்தேன். அதுவரை படத்துக்கு வெளியே நழுவிக்கொண்டிருந்த பார்வை, படி இறங்கும் நிழலுக்குத் திரும்பி அங்கேயே நின்றது. கையை எடுத்தேன், பார்வை மறுபடியும் மூலைக்கு ஓடியது. படத்தில் மிகவும் வெளிச்சமான இடத்துக்குக் கண் முதலில் போகும் என்பதை எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஆனாலும் என் படத்தில் அது நடப்பதை நான் கண்டதில்லை. படம் எடுத்த அந்தக் காலை வேளை எனக்கு நினைவில் இருந்தது. அறையில் இருந்த மற்றவர்களிடம் படம் மட்டுமே இருந்தது.

எடுத்தவர் ஏன் கடைசியில் பேச வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். அவர் முதலில் பேசினால், எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், வெளிச்சம் எப்படி ஒரு நொடியில் மறைந்தது என்ற கதை கேட்பவர்களின் கண்ணில் படத்தின் மேல் ஒரு மெல்லிய திரையாகப் படிந்துவிடும். படம் தானாகச் சொல்லாத எதையும் அதன் சார்பில் நாம் சொல்லக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கழகத்தில் லென்ஸ் பற்றிய பேச்சும் உண்டு, புதிய கேமராக்களைப் பற்றிய பேச்சும் உண்டு. ஆனால் அவற்றை வீட்டிலிருந்தபடியே எவரும் தெரிந்துகொள்ளலாம். பிறர் கண்ணால் தம் படத்தைப் பார்க்கும் வாய்ப்புத்தான் தனியாக இருப்பவருக்குக் கிடைக்காதது.

படங்களைத் திரையில் காட்டாமல் அச்சிட்டே கொண்டுவர வேண்டும் என்ற விதியைச் சிலர் முதலில் சுமையாக நினைத்தார்கள். திரை தானே ஒளிர்வது. தாள் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. திரையின் பிரகாசத்தை மிகவும் கூட்டி வைத்துக்கொண்டு படத்தைத் திருத்துபவருக்கு, தாளில் அதே படம் இருண்டு போய் வந்து நிற்கும். திரையைச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கேண்டெலா அளவுக்கு இறக்கி வைத்துத் திருத்தினால் இந்த ஏமாற்றம் பெருமளவு குறைகிறது. கணக்கும் எளியதுதான்: ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட 4961 × 3508 பிக்சல்கள் வேண்டும், அதாவது ஏறத்தாழ 17.4 மெகாபிக்சல். இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான கேமராக்கள் இதை எளிதில் தருகின்றன. ஆகவே பெரிய கேமரா இல்லை என்பது அச்சிடாமல் இருப்பதற்கு ஒரு காரணமாகாது.

இந்த ஆண்டின் வேலைகள் அனைத்தும் ஒரு நாளை நோக்கியே அமைந்திருக்கின்றன. ஆகஸ்ட் 19, உலக ஒளிப்பட நாள். 1839-ஆம் ஆண்டு அதே தேதியில் பாரிஸ் நகரில், அறிவியல் அகாதமியும் நுண்கலை அகாதமியும் கூட்டாக நடத்திய அமர்வில், டாகெர் கண்டறிந்த ஒளிப்பட முறையை அறிவியலாளர் அராகோ உலகுக்கு விளக்கினார். 2026-இல் அந்த நாளில் எங்கள் கண்காட்சி தொடங்குகிறது. முப்பது படங்கள், ஒரே ஒரு சுவர் வரிசை. அதற்கு முன்னால் மூன்று நிகழ்ச்சிகள் இருக்கின்றன.

முதலாவது, ஏப்ரல் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் உலக ஊசித்துளை ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது; 2026-இல் அது ஏப்ரல் 26-ஆம் தேதி வருகிறது. அன்று காலை உறுப்பினர்கள் லென்ஸ் இல்லாத கேமராக்களைத் தங்கள் கையாலேயே செய்யப் போகிறார்கள். அட்டைப்பெட்டி ஒன்றின் உட்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் பூச வேண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஊசி முனையால் அழுத்தி, தகட்டின் மறுபக்கம் மேடாக எழும் இடத்தை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் ஊசியை மெதுவாகச் சுழற்ற வேண்டும். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் படத்தின் தெளிவு கெடும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. பெட்டியின் ஆழம் 100 மி.மீ. என்றால் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.4 மி.மீ. இருக்கலாம். அதைவிடப் பெரிய துளை உருவத்தைக் கலங்கச் செய்யும். மிகச் சிறிய துளையோ ஒளியையே விளிம்பில் சிதறடித்து அதே விளைவைத் தரும்.

நூறை 0.4-ஆல் வகுத்தால் 250 வருகிறது. துளையின் அளவைக் குறிக்கும் இந்த எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும். வழக்கமான லென்ஸில் எஃப் 16 என்று நாம் வைக்கும் இடத்தில் இங்கே எஃப் 250. பெட்டிக்குள் பிலிமுக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளை அச்சுத் தாளை வைக்கிறோம். அதன் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 6 என்று எடுத்துக்கொண்டால், நல்ல வெயிலில் ஏறத்தாழ 40 நொடிகள் துளையைத் திறந்து வைக்க வேண்டும். நாற்பது நொடி என்பது ஒருவர் தெருவைக் கடந்து மறைந்துபோகப் போதுமான நேரம். அவர் படத்தில் இருக்கவே மாட்டார்; அசையாத சுவரும் மரத்தின் அடிப்பகுதியும் நிலைத்து நிற்க, காற்றில் ஆடிய கிளைகள் புகைபோலப் பதிந்திருக்கும்.

சென்ற முறை என் பெட்டியில் மூடியின் ஓரத்துக் கறுப்பு டேப் சற்றே பிரிந்திருந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் தாளை உருவத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் நழுவவிட்டு, தட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். கால் நிமிடம்வரை வெறும் வெள்ளை. பிறகு வானம் இருக்க வேண்டிய இடம் மெல்லக் கறுக்கத் தொடங்கியது. நெகட்டிவ் அல்லவா, வானம் கறுப்பாகத்தான் வரும். ஆனால் வலப்பக்கத்திலிருந்து இன்னொரு கறுப்பு, கத்தி கீறியதுபோல, படத்தின் குறுக்கே நடுவரைக்கும் நீண்டது. டேப் பிரிந்த இடத்தில் புகுந்த ஒளி அது. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒளி எவ்வளவு சிறிய இடைவெளியிலும் நுழையும் என்பதை அதற்கு முன் நான் அறிந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. இந்த முறை மூடியின் எல்லா ஓரங்களிலும் இரண்டு சுற்று டேப் ஒட்டப் போகிறேன்.

அன்று பிற்பகலில் சயனோடைப் முறையையும் செய்து காட்டுவோம். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த இந்த முறைக்கு இருட்டறை தேவையில்லை. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளின் மேல் இலையை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால், ஆழ்ந்த நீலத்தில் வெள்ளை உருவம் எழுந்து வரும். உறுப்பினர்கள் தங்கள் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்து வரலாம்.

இரண்டாவது நிகழ்ச்சி ஒரு காலை நடை. மூன்று மணி நேரம், ஜூம் செய்யாமல் ஒரே குவியத் தூரம், முப்பத்தாறே ஷாட்கள். பிலிம் சுருளில் 36 படங்கள் எடுத்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாக இருக்கும். மற்றவர்களுக்குப் பழக இரண்டு நடை பிடிக்கும்.

நடைக்குப் பறவைகளைத் தேடி வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடுகளை நெருங்க வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்க வேண்டாம். கண்காட்சியின் இயற்கைப் பிரிவுக்கு நாங்கள் பின்பற்றுவது, பன்னாட்டு ஒளிப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்காவின் ஒளிப்படச் சங்கமான பி.எஸ்.ஏ., பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி ஆகிய மூன்று அமைப்புகளும் 2014-இல் ஒப்புக்கொண்ட பொது வரையறை. அதன்படி படத்தின் ஓரங்களை வெட்டலாம். உள்ளே இருக்கும் எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, நீக்கவோ கூடாது. இதை நான் வலியுறுத்துவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மீன்கொத்திப் படம் ஒன்றில் அலகை உரசிச் சென்ற குச்சியை மென்பொருளால் அழித்துவிட்டு, அதை இயற்கைப் பிரிவில் வைத்தேன். தேர்வாளர்கள் கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக் கோப்பான ரா கோப்பைக் கேட்டார்கள். நானே படத்தைத் திரும்பப் பெற்றேன். அதன் பிறகு அதே கரைக்குப் பல காலைகள் போய், நான்கடி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் அந்தக் குச்சி பறவைக்குப் பின்னால் போய்விடும் என்று கண்டுகொண்டேன். இப்போது கண்காட்சிக்குத் தேர்வாகியிருப்பது அங்கிருந்து எடுத்த படம்.

மூன்றாவது நிகழ்ச்சிக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கிறோம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை, பெர்சியட் எரிகல் பொழிவைப் படமெடுக்க ஊர் வெளிச்சம் எட்டாத ஓர் இடத்துக்குப் போகிறோம். சுவிஃப்ட்-டட்டில் என்ற வால் நட்சத்திரம் 133 ஆண்டுகளுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வரும் பாதையில் விட்டுச் சென்ற துகள்கள், நொடிக்கு ஏறத்தாழ 59 கி.மீ. வேகத்தில் பூமியின் வளிமண்டலத்தில் நுழைந்து எரிவதுதான் இந்தப் பொழிவு. 2026-இல் ஆகஸ்ட் 12 அமாவாசை. அன்றுதான் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பகுதிகளில் முழுச் சூரிய கிரகணமும் நிகழ்கிறது. பொழிவு உச்சத்தில் இருக்கும் இரவில் நிலவே இல்லாமல் அமைவது எல்லா ஆண்டும் வாய்ப்பதில்லை.

வருபவர்கள் அகன்ற கோண லென்ஸ், உறுதியான டிரைபாட், மாற்று பேட்டரிகள், சிவப்பு ஒளி தரும் டார்ச் ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். யாராவது ஒருவர் ஒரு முறை கைப்பேசித் திரையை ஒளிரவிட்டாலும் அருகிலிருப்பவர் அனைவரும் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ஃபோகஸைக் கையால், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை சரிசெய்ய வேண்டும். எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, பதினைந்து முதல் இருபது நொடி என்று தொடங்கலாம். பழைய கணக்குப்படி 500-ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக நீளாமல் நிற்கும் நேரம் கிடைக்கும் என்பார்கள். 20 மி.மீ. லென்ஸுக்கு அது 25 நொடி. ஆனால் இன்றைய நெருக்கமான பிக்சல்களில் அந்த 25 நொடியிலேயே நட்சத்திரம் நீண்டுவிடுகிறது என்பது எங்கள் அனுபவம். எரிகற்கள் புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் பெர்சியஸ் விண்மீன் குழுவை நேராகக் குறிவைக்க வேண்டாம். அதன் அருகில் தோன்றும் எரிகல்லின் தடம் குட்டையாக இருக்கும், சற்று விலகிய பக்கத்தில்தான் நீண்ட கோடுகள் கிடைக்கும்.

இருபது நொடிக்கு ஒரு படம் என்று கேமரா தானாக எடுத்துக்கொண்டே போனால் நான்கு மணி நேரத்தில் எழுநூறு படங்கள் சேரும். அவற்றில் நல்ல தடம் உள்ளவை விரல் விட்டு எண்ணக்கூடியவையாகவே இருக்கும். மற்றவை வெறும் வானம். நள்ளிரவுக்குப் பிறகு லென்ஸில் பனி படியும் என்பதை மறக்க வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை கண்ணாடியைச் சோதிக்காமல் விட்டால் பின்பாதி இரவு முழுவதும் வீணாகும்.

கண்காட்சிக்கான படங்களைத் தரையில் பரப்பி வரிசை பார்க்கும் வேலையை ஏற்கெனவே தொடங்கிவிட்டோம். எந்தப் படம் எதற்கு அடுத்து என்பதில் கூட்டத்தில் நடந்ததைவிட நீண்ட விவாதம் நடக்கிறது. மூலையை இருளச் செய்து மறுபடியும் அச்சிட்ட என் மாடிப்படி நிழல், வரிசையில் ஒன்பதாவதாக இருக்கிறது. எல்லாப் படங்களின் மையமும் தரையிலிருந்து 147 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு சுவரில் பென்சிலால் கோடிட்டிருக்கிறோம். இருபத்தொன்பது சட்டகங்களுக்கு ஆள் முடிவாகிவிட்டது. வாயிலிலிருந்து பார்த்தால் கடைசியில் தெரியும் முப்பதாவது சட்டகத்தை, எரிகல் இரவில் கிடைக்கும் ஒரு படத்துக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். அது யார் எடுத்ததாகவும் இருக்கலாம். பன்னிரண்டாம் தேதி இரவுக்கும் பத்தொன்பதாம் தேதி காலைக்கும் இடையே அச்சிட்டு மவுண்ட் செய்ய ஆறு நாட்கள் இருக்கின்றன. வானம் மேகத்தால் மூடிவிட்டால் அந்தச் சட்டகம் கண்ணாடியும் வெள்ளை அட்டையுமாகவே தொங்கட்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். அதன் கீழே ஒட்டும் சீட்டில் அந்த இரவின் தேதியும் நாங்கள் காத்திருந்த நேரமும் மட்டும் இருக்கும்.