கூகுளாண்ட இருக்குக்கா

"என் போட்டோலாம் உன்னாண்ட இருக்குதா தம்பி?" என்று அந்த அக்கா கேட்டபோது நான் பிரஷ்ஷால் சார்ஜிங் பின்னைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மொபைல் கடைக்கு வரும் காசிமேட்டு மீன் துறைமுகத்துப் போன்களுக்கு வழக்கமான வியாதிதான். உப்புத்தண்ணி பட்டுப் பின் பச்சை பூத்திருக்கும், ஸ்பீக்கர் வலையில் செதில் ஒட்டியிருக்கும். "இல்லக்கா, அதெல்லாம் கூகுளாண்ட இருக்கு" என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பொய் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

புதுப் போன் வாங்கினால் செட்டப் நாங்கள்தான். ஜிமெயில் இல்லாமல் பிளே ஸ்டோரில் எதையும் இறக்க முடியாது. ஐடி இல்லாதவர்களுக்குக் கவுண்டரிலேயே ஒன்று போட்டுத் தருவோம். பிறந்த தேதி எல்லாருக்கும் 1980 ஜனவரி 1. பாஸ்வேர்டு 8 எழுத்தாவது வேண்டும் என்பதால் பெயரின் முதல் 4 எழுத்து, நம்பரின் கடைசி 4 இலக்கம். புது சிம் ஆன் ஆக நேரமாகும், ஆள் அதுவரை நிற்க மாட்டார். ஆகவே ரெக்கவரி நம்பர், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் ஐடியை மீட்கக் கொடுக்கும் நம்பர், கடையுடையது. ஒரே நம்பரை நிறைய ஐடிக்குக் கொடுத்தால் ஒரு கட்டத்தில் கூகுள் ஏற்காது. அப்போது கடைப் பையன் எவனுடைய நம்பராவது. 'ஒப்புக்கொள்கிறேன்' எல்லாவற்றையும் எங்கள் விரலே அமுக்கிவிடும். கடைசியில் ஐடியும் பாஸ்வேர்டும் டிராயரில் இருக்கும் நீள நோட்டில் ஏறும்.

நோட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டர்ன் மறந்துபோய், யாரோ சொன்னார்கள் என்று பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கி ரீசெட் அடித்துக்கொண்டு வருவார்கள். அப்படி அழித்த போன், முன்பிருந்த ஐடியைக் கொடு என்று கேட்டு அங்கேயே நிற்கும். எஃப்ஆர்பி லாக். திருடனைத் தடுக்க வந்த பூட்டுதான். எங்களிடம் அதில் மாட்டிக்கொண்டு வருகிறவர்களோ பெரும்பாலும் போனின் சொந்தக்காரர்கள். நோட்டைப் புரட்டினால் 2 நிமிட வேலை. இந்த அக்காவின் பழைய போன் ஏலக் கூடத்தில் ஐஸ் தண்ணியில் விழுந்து போர்டே செத்துப்போனது. புதுசில் அதே ஐடியைப் போட்டதும் நம்பர்கள் அத்தனையும் வந்து இறங்கின. பாக்கி வைத்திருக்கும் ஓட்டல்காரர்கள் நம்பர் எல்லாம் அதில்தான். அன்றைக்கு அந்த நோட்டுக்குச் சூடம் காட்டலாம் போல இருந்தது.

அதே ஐடிக்குள் வேறு என்னவெல்லாம் போகிறது என்று அவருக்கு யார் சொன்னது? கூகுள் போட்டோஸ் திறந்ததும் பேக்கப் கேட்கும், ஆன் செய்துவிடுவோம். இலவச இடம் 15 ஜிபி. 2021 ஜூனிலிருந்து ஏறும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். பேத்தியின் சடங்குப் படம், அடகு ரசீது, ஆதார். யாராவது நோட்டைப் பார்த்து வேறொரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அவர் போனுக்கு எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் தள்ளிவிடுவார். ஓடிபி கேட்டாலும், அது வந்து விழப்போவது கடை நம்பரில்.

நான் ஒருத்தர் ஐடியையும் திறந்து பார்த்ததில்லை. இதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

கல்மண்டபம் டீக்கடையில் நின்றால், பிரியாணி என்று பேசினாலே பிரியாணி விளம்பரம் வருகிறது, போன் ஒட்டுக்கேட்கிறது என்று சண்டையே நடக்கும். கோபமெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகள் மேல். நானும் சேர்ந்து திட்டுவேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் தனிநபர் தரவுக்குச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் டிஜிட்டல் தரவுக்குத்தான். காகிதத்தில் எழுதி காகிதமாகவே இருக்கும் நோட்டு அதற்குள் வராது. எங்கள் நோட்டில் வரிக்கு வரி பால்பாயிண்ட் பேனா.

அக்கா கேட்டது கூகுளைப் பற்றியா? 'உன்னாண்ட' என்றுதான் கேட்டார். அன்றே "சாவி என்னாண்டயும் ஒண்ணு இருக்குக்கா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பயந்திருப்பார், பேக்கப்பை ஆஃப் பண்ணச் சொல்லியிருப்பார், அடுத்த முறை தண்ணியில் விழும்போது எல்லாம் போயிருக்கும். இப்படியும் தோன்றுகிறது. சொல்லாமல் விட்டதற்கு நானாகத் தேடிக்கொண்ட சாக்கு என்றும் தோன்றுகிறது.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. செட்டிங்ஸில் கூகுள், அதில் கணக்கு நிர்வாகம், அதில் செக்யூரிட்டி. ரெக்கவரி நம்பரை அவருடையதாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பவா என்று கூகுள் கேட்கக்கூடும். 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் தெரியாத மெஷின் இருந்தால் வெளியேற்ற வேண்டும். கடைசியாகப் பாஸ்வேர்டை அவர் கையாலேயே, நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. 10 நிமிடம் ஆகும். மாலை 6 மணிக் கூட்டத்தில் அந்த 10 நிமிடத்துக்கு எங்கே போவது?

அடுத்த முறை அவர் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தபோது ரெக்கவரி நம்பரை மாற்றினேன். பாஸ்வேர்டு மாற்றலாமா என்றதற்கு, "புதுசா வச்சா எனக்கு எங்க நெனப்பு இருக்கும், அதே இருக்கட்டும்" என்றார். நோட்டில் அவர் வரி இருந்த இடத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். நாலாக மடித்துப் போனின் பின் கவருக்குள், 50 ரூபாய்த் தாளோடு செருகிக்கொண்டார்.

கிழித்துக் கொடுத்து என்ன, பெயரில் 4, நம்பரில் 4.