கட்டுப்போட்ட காது

ஏற்காட்டில் பனி இறங்கிய ஒரு தை மாதக் காலையில், குரங்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வின்சென்ட் வான்கா தன்னையே வரைந்த ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1888 டிசம்பர் 23 இரவு, தெற்குப் பிரான்சின் ஆர்ல் நகரில் தன் காதை அறுத்துக்கொண்ட அவர், 1889 ஜனவரி 7 அன்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். அம்மாதத்திலேயே வரைந்த இப்படம் இன்று லண்டனின் கோர்டோல்டு கலைக்கூடத்தில் இருக்கிறது.

அறுபட்டது இடக்காது; படத்திலோ கட்டு வலப்பக்கம் இருப்பதுபோல் தெரிகிறது. கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால் நேர்ந்த இடமாற்றம் இது. ஆகவே அந்தக் கண்களில் நாம் காணும் சோர்வு நமக்காகக் காட்டப்பட்டதன்று. தன் முகத்தை ஓர் அந்நியனுடையதைப்போல் அளந்து பார்த்தவரின் சோர்வு அது.

மயிர்த்தொப்பியையும் பொத்தானிட்ட பச்சை மேலங்கியையும், உலகிடமிருந்து தன்னை மூடிக்கொண்ட மனத்தின் குறியீடாக வாசிக்கலாம். குளிரில் அமர்ந்திருந்த எனக்கு (மலைவாசியின் புத்தி அப்படி!) அது முதலில் குளிருக்கும், காதுக்கட்டு நழுவாமலிருப்பதற்கும் அணிந்த தொப்பியாகவே தெரிந்தது.

இப்படத்தைப் பித்தின் சாட்சி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவருக்குப் பின்னே ஒருபுறம் அவர் நேசித்த ஜப்பானிய அச்சோவியம், அதில் பெண்களும் பூஜி மலையும். மறுபுறம், தொப்பிக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, தாங்கியில் ஏற்றிவைத்த ஒரு வரைதுணி.