அப்போ தேவைப்படலை

"போன தடவை இப்படிச் செய்யலையே சார்."

படுக்க வைத்து, முட்டியை மடக்கி, தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். ஆபரேஷன் ஆகாத கால். இடுப்பில் தொடை எலும்பின் தலை ஒரு பக்கம் சறுக்கினால் மறுபக்கமும் சறுக்கலாம் என்பதால் பார்த்தேன். 13 வயசுப் பையன், குறையாகச் சொல்லவில்லை, தோன்றியதைக் கேட்டான். அம்மா செல்போனிலிருந்து நிமிர்ந்தார். "அப்போ தேவைப்படலை தம்பி" என்றேன்.

முதலில் முட்டி வலி என்றுதான் வந்தான். முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டை அழுத்தியதும் "ஆமா, அங்கதான்" என்றான். விளையாடுகிற பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான், தொடைத் தசை இழுத்து இழுத்து அந்த மேடு வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லி, தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்து, 3 வாரம் கழித்து வரச் சொன்னேன். அதற்குள் நொண்ட ஆரம்பித்துவிட்டான். எலும்பு மருத்துவர் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார். தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் சறுக்கியிருந்தது. ஒரு ஸ்க்ரூ போட்டார்கள்.

இடுப்பில் கோளாறு இருந்தாலும் முட்டியில்தான் வலிக்கலாம் என்பது எனக்குத் தெரியாததா? ஜூனியர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது அது. வளரும் வயசு, கொஞ்சம் பருமன், முட்டி வலி என்றால் இடுப்பையும் பார். மடக்கும்போது கால் தானாக வெளிப்பக்கம் திரும்பினால் உடனே எக்ஸ்ரே, அதுவரை காலை ஊன்ற விடாதே. அரை நிமிஷ வேலை.

முதல் தடவை வந்த அன்று அவன் நொண்டவில்லை. அந்த மேடும் நிஜமாகவே வலித்தது, இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். சறுக்கல் அன்றே தொடங்கியிருந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் சரி. ஆனால் ஆஸ்குட் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். இவன் உள்ளங்கையால் தொடையிலிருந்து முட்டிவரை தடவினான். தடவினானா, அல்லது எக்ஸ்ரேயைப் பார்த்தபிறகு நானாகச் சேர்த்துக்கொண்ட நினைவா என்று சில நாள் சந்தேகம் வருகிறது. சந்தேகம் வருவது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

இப்போது முட்டி வலி என்று வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இடுப்பைத் திருப்பிப் பார்க்கிறேன். அதில் தப்பில்லை. ஆனால் லேசாக இறுக்கம் தெரிந்தாலே எக்ஸ்ரேக்கு அனுப்புகிறேன், இதுவரை எல்லாம் சுத்தம். ஒரு அம்மா அழுதே விட்டார். இது கவனமா, பயமா, தெரியவில்லை.

"செஞ்சிருக்கணும் தம்பி, விட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது பெரிய விஷயமாகவே இருந்திருக்காது. அம்மா இருந்தார்.

அவர் எதுவும் கேட்கவில்லை, அடுத்த தேதி மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். அந்தக் காலை மறுபடி மடக்கிப் பார்க்க வேண்டும்.